ஆணி அடிக்காத வீடு

வீட்டு வேலை முடிந்த அன்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து என் கணவருக்குக் காட்டினேன். முன் ஹோல், இரண்டு படுக்கையறை, சமைக்கிற குசினி, கடைசியில் பாத்ரூம் குழாயைக்கூடத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினேன். கட்டார் நாட்டில் இருந்தபடி அவர் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "நல்லா ஈக்கு. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா ஈக்கு" என்றார்.

அது புகழ்ச்சியா, குத்தலா என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, பிறகும் பல நாள் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு ஹோலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். சுவர் வெள்ளை, சீலிங் வெள்ளை, டைல்ஸ் வெள்ளை, ஜன்னலுக்கு அலுமினியம். ஒரு வாங்கைப் போட்டு, நாலு பேரை அதில் இருத்தி இருமவிட்டால் மருந்து எடுக்கும் இடம்தான். மனுசன் சொன்னதில் பிழை இல்லை.

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் இதே பிளானில் இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன. எல்லாமே வெளிநாட்டுக் காசில் எழும்பியவை, எல்லாவற்றையும் ஒரே மேசன் பாஸ்தான் கட்டினார். குடிவந்த புதிதில் ஒருநாள் பள்ளிக்கூட வான் வண்டியில் இருந்து இறங்கிய என் மகள் நேரே பக்கத்து வீட்டுக்குள் போய், சப்பாத்தைக் கழற்றி, ஹோல் வரை நடந்துவிட்டாள். அங்கே இருந்த சிவப்பு சோபாவைக் கண்ட பிறகுதான் வீடு மாறியது தெரிந்ததாம். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தப் பிள்ளையே அடையாளம் காணாத வீட்டுக்குள் அவர் வந்து எப்படி இருப்பார் என்ற கவலைதான் வந்தது.

என் கவலையின் வேர் வேறு. எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். காணியும் வீடும் பெண்ணின் பேரில் இருக்கும். அவர் எலுவன்குளத்து ஆள், வயலும் குளமும் காட்டு யானையும் பார்த்து வளர்ந்தவர். ஒரு பேக்கோடு எங்கள் கடற்கரைக்கு வந்தார். என் உம்மா வீட்டில் அவருக்கு முதல் சோறு, பெரிய மீன் துண்டு, காற்று வரும் அறை. ஆனால் குழாய் ஒழுகுகிறதே என்று எழும்பினால்கூட, "மருமகன், நீங்க இருங்க, ஆள் வரும்" என்று உம்மா இருத்திவிடுவார். அவரும் இருப்பார். சேர்ட்டைக் கழற்றி அறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் கொழுவிவிட்டு, கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பார். பிறகு வெளிநாடு போனார். லீவில் வருவதும், அதே ஆணியில் சேர்ட்டைக் கொழுவுவதும், லீவு முடிய அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவதுமாகவே வருடங்கள் ஓடின.

இந்த முறை விஷயம் வேறு. கம்பனி அவரிடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறீரா, கணக்கை முடிக்கிறீரா என்று கேட்டிருந்தது. லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நான் கேட்டால், "வந்து பாத்துட்டுச் செல்றன்" என்றார். வந்து எதைப் பார்த்துவிட்டு? வீட்டையா? என்னையா? கேட்கப் பயமாக இருந்தது. என்னில் இனிப் பெரிதாகத் திருத்த ஒன்றும் இல்லை. வீட்டைத் திருத்தலாம். வந்தவர் திரும்பிப் போக மனம் வராத மாதிரி அந்த வெள்ளைப் பெட்டியை ஒரு வீடாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

தீர்மானிப்பது லேசு. வீட்டுக்கு எது வீட்டுத்தனம் கொடுக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. என் தங்கச்சி போனில் படங்களாக அனுப்பிக் குவித்தாள். ஒரு படத்தில் சுவர் முழுக்கக் கூடைகள், இன்னொன்றில் கல்லு, இன்னொன்றில் சுவரே இல்லை. "ராத்தா, உங்களுக்கு என்ன ஸ்டைல் விருப்பம்?" என்று கேட்டாள். நாற்பது வயதை நெருங்கிய எனக்கு மீன் ஆணத்தில் எவ்வளவு புளி விருப்பம் என்று தெரியும். சுவரில் எனக்கு என்ன விருப்பம் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

அத்தோடு ஒரு தடையும் இருந்தது. சாவியைத் தரும்போது மேசன் பாஸ் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: "ராத்தா, சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க. மேல பூசின புட்டி தகடு தகடாக் கழண்டு வரும். புறகு என்னக் குத்தம் செல்ல வேணாம்." அதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். போனில் அவருக்கும் சொன்னேன். மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொன்னேன். பாலாவிச் சந்திக்கு பஸ் ஏறிப் போய், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பு உருளை உருளையாக வாங்கி வந்தேன்.

அந்த டேப்பை விற்றவர் வருடத்தில் சில மாதம் அடிக்கும் எங்கள் ஊர்க் கச்சான் காற்றைப் பற்றி ஒன்றும் அறியாதவர். கடலில் இருந்து உப்பும் ஈரமும் மணலுமாக அது அடிக்கத் தொடங்கினால் ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வரும். காலையில் எழும்பினால் ஏதாவது ஒன்று கீழே கிடக்கும். ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் மரத்தட்டு, ஒருநாள் மகள் படம் வரைந்து வாங்கிய சான்றிதழ். மகள் பல் துலக்கிக்கொண்டே, "உம்மா, இண்டைக்கு யாரு?" என்று கேட்பாள்.

தென்னை மரமும் கடலும் உள்ள ஒரு பெரிய ஸ்டிக்கரை வாங்கி ஹோலில் ஒட்டினேன். ஒட்டி முடித்துத் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே அதே தென்னைகள் நிற்கின்றன. எதற்கு ஒட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை. வாசலில் பூச்சட்டிகள் வைத்தேன். இரண்டே நாளில் ஊர்க் கழுதைகள் வந்து, சட்டியை மட்டும் மிச்சம் விட்டுப் போயின. பட்டம் கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டல்களில் சுவரில் வலை தொங்குவதைக் கண்டிருக்கிறேன். தங்கச்சியும், "அதுதான் இப்ப பெஷன்" என்றாள். ஒரு பழைய வலையைக் கேட்டு வாங்கி, மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுவரில் விரித்து ஒட்டினேன். வெயில் ஏறியதும் வீடு கருவாடு காயும் வாடி மாதிரி மணத்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மாப்புள வந்து கடலுக்குப் போகப் போறாரோ?" என்று கேட்டாள். அப்போதே வலையைச் சுருட்டினேன்.

அவரும் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டிருந்தார். கறுப்பு வெல்வெட்டில் பொன் நூலால் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்சி பின்னிய பெரிய பிரேம். ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து தந்தார். அந்த வீட்டில் உண்மையிலேயே அழகான பொருள் அதுதான். ஆனால் அதை டேப்பில் ஒட்ட எனக்குத் துணிவு வரவில்லை. கண்ணாடி விழலாம், தென்னை மரம் விழலாம், ஓதும் ஆயத்து நிலத்தில் விழலாமா? துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி விழுந்து எழும்பி, கடைசியில் தப்பியவை எல்லாம் ஒரே சுவருக்கு வந்து சேர்ந்தன. அவர் போன் எடுக்கும்போது நான் வழக்கமாக இருக்கும் கதிரைக்குப் பின்னால் உள்ள சுவர். காற்று நேரே அடிக்காத சுவரும் அதுதான். கண்ணாடி, மரத்தட்டு, தென்னை மர ஸ்டிக்கர், மகளின் சான்றிதழ், சிப்பி கோத்த ஒரு மாலை, மினுக்கும் சிறு பல்புகள். "வீடே மாறிப் போச்சே" என்று அவர் ஒருநாள் போனில் வியந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்குத் தெரிவது அந்த ஒரு சுவர் மட்டும்தான் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன். அவர் போனில் பேசும் போதெல்லாம் அவருக்குப் பின்னால் மெரூன் நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட ஒரு துணி தெரியும். எத்தனையோ வருடம், ஒரே துணி. அவருக்கு அது அவ்வளவு விருப்பம் என்று நினைத்தேன். புத்தளத்தில் துணிக்கடை கடையாக ஏறி இறங்கி, அச்சொட்டாக அதே பூ கிடைக்காவிட்டாலும் கிட்டத்தட்ட அதே துணியைப் பிடித்து, எங்கள் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று வைத்திருந்தேன்.

அவர் வந்தார். ஏர்போர்ட்டில் இருந்து வந்த வான் வாசலில் நின்றதும் இறங்கி, முன் கதவருகே சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். ஹோலுக்குள் வந்து போனில் கண்ட சுவரைக் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மற்ற மூன்று சுவர்களையும் பார்த்தார். மூன்றும் மொட்டை வெள்ளை, அங்கங்கே டேப்பு பிடுங்கிய அடையாளம்.

"வாப்பா, உங்களுக்குப் போன்ல தெரியிற சுவரு மட்டும்தான் உம்மா சோடிச்சீக்காங்க" என்றாள் மகள். அவளை நான் பார்த்த பார்வையில் அவள் குசினிக்குள் போய்விட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் மனம் இளகியது. கையோடு அறைக்குக் கூட்டிப்போய்த் திரைச்சீலையைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாயில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லா ஈக்கு" என்றார். அன்றும் மறுநாளும் பாயை எடுத்துக்கொண்டு ஹோலில்தான் படுத்தார். சூடு என்றார். ஃபேன் இருந்தது அறையில்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் காலைத் தேத்தண்ணீரை வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டேன். "அந்தக் கர்ட்டனுக்கு என்ன குறை?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரூம்ல எட்டுப் பேரு. ரெண்டு தட்டுக் கட்டில். மறைப்புக்குக் கட்டின துணிதான் அது. எனக்கு முந்தி இருந்தவன் கட்டிட்டுப் போனது. அதக் கண்டா டியூட்டிக்கு எழும்பச் செல்ற மாதிரி ஈக்கு."

அன்று காலையே திரைச்சீலையைக் கழற்றினேன். கழற்றும்போது அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடம் தினமும் முகம் பார்த்துப் பேசினோம். அவர் படுத்த இடம் எனக்குத் தெரியாது, நான் இருந்த வீடு அவருக்குத் தெரியாது. அவரவர் பின்னால் இருந்த ஒரு முழம் சுவரைத்தான் மாறி மாறிக் காட்டியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு அறையில் படுத்தார். ஆனால் என் குழப்பம் குறையவில்லை, கூடியது. அவருடைய பேக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி கிடந்தது. அலுமாரியில் இரண்டு தட்டு அவருக்கென்று ஒழித்து வைத்திருந்தேன். அவர் பேக்கில் இருந்து எடுத்து உடுத்தார், கழுவியதை மடித்துத் திரும்பவும் பேக்கிலேயே வைத்தார். குளித்துவிட்டு ஈரத்துவாயைக் கையில் வைத்துக்கொண்டு ஹோலில் நிற்பார். பிறகு வெளியே கொண்டுபோய் வேலியில் போடுவார். "ஃபேனைக் கூட்டவா?" என்று கேட்பார். "இந்தக் கதிரைய அங்கால போடவா?" என்று கேட்பார். பிரிட்ஜில் தண்ணீர்ப் போத்தலை எடுக்கவும் என் முகத்தைப் பார்ப்பார்.

இந்த மரியாதை எதற்கு? கோபமா? வீடு பிடிக்கவில்லையா? கம்பனிக்கு ஏற்கெனவே ஓம் சொல்லிவிட்டு, சொல்ல வாய் வராமல் இருக்கிறாரா? போகிற ஆள்தான் பேக்கைத் திறந்து வைத்திருப்பான். அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம் அந்தப் பேக்கின் முன்னால் குந்தி இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

தெரிந்த வழி ஒன்றுதான். திரும்பவும் சோடிக்கத் தொடங்கினேன். ஒரு சுவரில் இருந்ததை நாலு சுவருக்கும் பிரித்தேன்; தென்னை மர ஸ்டிக்கர் முன் கதவுக்கு எதிர்ச் சுவருக்குப் போனது. சோபாவைத் திருப்பினேன், திரும்பவும் திருப்பினேன். விழுந்தவற்றை அவர் பொறுக்கி, தூசி தட்டி, மேசையில் அடுக்கினார். "விட்டுட்டு இருங்களேன்" என்று ஒருமுறை சொன்னார். விட்டுட்டு என்றால்? வேலையை விடு என்பதா, ஆசையை விடு என்பதா? அதையும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச, ஒரு விஷயம் கேக்கணும் எண்டு நினைச்சன். வந்த நாள்ல இருந்து கேக்கணும் எண்டுதான்..."

கம்பனிக் கதைதான் என்று நிச்சயமாக நினைத்தேன். மடித்த உடுப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். நின்றுகொண்டு கேட்க எனக்கு ஏலாது.

"கேளுங்க" என்றேன்.

"இந்தக் கதவுக்குப் பின்னால ஒரு ஆணி அடிக்கவா? சின்ன ஆணிதான்."

நான் அவரையே பார்த்தேன். ஒரு ஆணி. இவ்வளவு நாளும் இந்த மனுசன் தொண்டைக்குள் வைத்திருந்தது ஒரு ஆணி. பயம் இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. "யாருட்ட கேக்குறீங்க? வெயில்ல கருகிக் கட்டினது நீங்க. ஒரு ஆணி அடிக்க என்னட்ட உத்தரவு கேக்குறீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "வீடு உங்கடதானே. மேசன் பாஸும் அடிக்க வேணாம் எண்டு செல்லீக்காரு எண்டு நீங்கதான் போன்ல சென்னீங்க. நீங்களே டேப்பு ஒட்டித்தான் வெச்சீக்கிறீங்க. நான் வந்து எப்பிடி அடிக்கிற? உங்கட உம்மா வீட்டுலயாச்சும் ஒரு ஆணி இருந்திச்சி" என்றார்.

வலை வாங்கினேன், தென்னை மரம் வாங்கினேன், பாலாவிக்கும் புத்தளத்துக்கும் அலைந்தேன். அந்த மனுசன் தன் சேர்ட்டை எங்கே கொழுவுவார் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "அடிங்க" என்றேன்.

வீட்டில் சுத்தியல் இல்லை. ஆணி அடிக்காத வீட்டில் சுத்தியல் என்னத்துக்கு? பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள் என்றேன். அவர் சந்திக் கடைக்குப் போய்ப் புதுச் சுத்தியல் ஒன்றும் ஒரு பை நிறைய ஆணியும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு ஆணிக்கு இவ்வளவா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் இடம் பார்த்து, இரண்டு அடிதான் அடித்தார். மேசன் பாஸ் சொன்னது பொய்யில்லை. கை அகலத்துக்குப் புட்டி கழன்று டைல்ஸில் விழுந்து பொடியானது. அவர் சுத்தியலை இறக்கிவிட்டு, மாமி வீட்டுக் கோப்பையை உடைத்த புது மாப்பிள்ளையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அடிங்க, அடிங்க, நிக்காதீங்க" என்றேன். அடித்து முடித்து, தூசியை ஊதி, சேர்ட்டைக் கொழுவினார். சீமெந்து தெரிய, பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது சுவர். ஆனால் வெள்ளைச் சேர்ட் தொங்கிய அந்த மூலையில்தான் அந்த வீட்டில் ஆள் இருப்பது முதல் தடவையாகத் தெரிந்தது.

விரலால் ஆணித் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் தன்பாட்டில் சொன்னார். "இந்த உப்புக் காத்துக்கு இது துருப்புடிக்கும். கச்சான் முடியட்டும். இந்த இடத்தச் சொரண்டி, புட்டி வெச்சி, நானே பெயின்ட் அடிக்கிறன்."

கச்சான் முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அவருடைய லீவு அதற்கு எவ்வளவோ முன்னால் முடிகிறது. சொன்னவருக்கு அது தெரியுமா, சும்மா வாயில் வந்ததா என்று ஒரு கணம் தடுமாறினேன். கேட்டால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கேத்தல் கொதிக்கும்போது ஹோலில் இருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். அலுமாரிக்கு மேலே இருந்ததை இறக்கித் துணியைப் பிரித்திருந்தார். முன் கதவுக்கு நேர் எதிரே, தென்னை மர ஸ்டிக்கரின் நட்ட நடுவில் ஒரு பெரிய ஆணி ஏறியிருந்தது. கீழே புட்டி கொட்டிக் கிடந்தது. கதிரையில் ஏறி நின்று, இரண்டு கையாலும் ஆயத்துப் பிரேமைத் தூக்கி அதில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவர் என்னிடம் கேட்கவில்லை.